ரிசீவரை முதலில் வைப்பது யார்

பீளமேடு,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

சத்தியமங்கலம் சம்பந்தி மகாஸ்ரீ கண்ணையா அவர்களுக்குப் பீளமேடு லட்சுமணசாமி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது என்னவென்றால், பெருமாள் புண்ணியத்தில் இந்த வீட்டில் மனுசர், மாடு, மோட்டார் பம்பு அனைத்தும் சுகம். என்னுடைய வலது காது ஒன்றுதான் சுகமில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. தங்கள் சம்சாரம் ரங்கநாயகி அம்மாளும், எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் பிந்துவும், தங்கள் தோட்டமும் கிணறும் குறைவின்றி இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் அம்புஜம் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் இந்த முதல் பத்தியை அவள் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டாள். இனிமேல் நான் சொல்றதை நான் சொல்றபடிதான் எழுதணும்னு சொல்லிப்போட்டேன்.

விஷயத்துக்கு வாரேனுங்க. போன வாரம் புதன்கிழமை மத்தியானம் நீங்க ஃபோன் பண்ணினதுதான், அப்புறம் இன்னைக்கு வரைக்கும் உங்ககிட்டயிருந்து ஒரு தகவலும் இல்லை. தினமும் காபி குடிச்ச கையோட என்னைக் கூப்பிட்டு மழை உண்டுங்களா, மாடு கறக்குதுங்களான்னு கேக்குற மனுசன் நீங்க. நான் கூப்பிட்டாலும் ரங்கநாயகி அம்மா எடுத்து, அவரு தோட்டத்துக்குப் போயிட்டாருங்கன்னு சொல்றாங்க. காலையிலயும் தோட்டம், சாயங்காலமும் தோட்டம், மழை கொட்டுறப்பவும் தோட்டம். நானும் விவசாயம் பாத்தவந்தானுங்க, எந்தத் தோட்டத்துலயும் அத்தனை வேலை கிடையாது. நிச்சயம் முடிஞ்சு, ஆவணியில முகூர்த்தம்னு பேசி வெச்சிருக்கற நேரத்துல பொண்ணோட அப்பா பேச்சை நிறுத்துனா அதுக்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. அன்னைக்கு எங்க ஊட்டு ஹால்ல நாங்க பேசுனது முச்சூடும் ஃபோன் வழியா உங்க காதுல விழுந்துபோச்சு. கேட்டுப்போட்டு மனசு வெறுத்துட்டீங்க. எனக்குத் தெரியுமுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், கல்யாணத்தை மட்டும் நிறுத்திப்போடாதீங்க. சாய்சரண் எங்களுக்குக் கடைக்குட்டி. ஒரு வாரமா வட்டல்ல போட்ட சோத்தைக் கையில உருட்டிட்டே உக்காந்திருக்கறான். நடந்ததுல அவன் தப்பு ஒண்ணுமில்லை. என் தப்பும் முக்கால்வாசி இல்லை. ஃபோனோட தப்பு. அது எப்படின்னு முதல்லயிருந்து சொல்றேன், பொறுமையாப் படிச்சுக்குங்க.

எங்க ஊட்டுல கறுப்பு ஃபோன் ஒண்ணு ஹால்ல இருக்கறது உங்களுக்குத் தெரியும், அம்புஜம் பின்னுன லேஸ் துணி போத்திக்கிட்டு சாமி மாதிரி உக்காந்திருக்குமே, அதுதான். எனக்கு எழுத்துத்தான் வராது, ஆனா நம்பரெல்லாம் விரல்ல இருக்குதுங்க. எத்தனாவது ஓட்டையில விரலை விட்டு எந்தளவுக்குச் சுத்தணும்னு ஒருக்கா காட்டுனா சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். உங்க நம்பரையும் அப்படித்தான் சுத்துறேன். அப்புறம் அம்புஜம், அடுப்படியில குழம்பு கொதிக்கையில ஓடி வர முடியலைன்னு சொல்லி சமையக்கட்டுக்கு அதே லைன்ல இன்னொரு ஃபோன், பேரலல்னு இழுத்துக்கிட்டா. அதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்லை. சித்திரையில சாய்சரண் துபாய்லயிருந்து வந்த சிநேகிதன்கிட்ட கம்பியில்லாத ஃபோன் ஒண்ணு வாங்கிட்டு வந்து நின்னான். உள்ளங்கையில பிடிக்கறாப்புல இருக்குது, தலையில ஒரு ஆன்டெனா, உக்கார வைக்க ஒரு பீடம். ரேடியோ ரிப்பேர் பண்ற அப்துல் முத்தலிப் பாய் வந்து மூணையும் ஒரே லைன்ல மாட்டுனாரு. எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க பாய்னு கேட்டேன். "ஒரு கிணறு, மூணு மோட்டாருங்க. எந்த மோட்டாரை நிறுத்தாம விட்டாலும் தண்ணி போயிட்டேதான் இருக்கும்"னாரு. நல்லாப் புரிஞ்சுதுங்க. புரிஞ்சது புத்திக்கு. கைக்குப் புரியலை.

முதல் தொல்லை எதுத்த ஊட்டு ராசப்பன். மில்லுல வீவிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, தங்கமான மனுசன். அந்த துபாய்ப் பையன்கிட்டயே அவரும் அதே மாதிரி ஒண்ணு வாங்கியிருந்தாரு. கம்பி இருந்தா எந்த ஃபோனு எந்த ஊட்டோடதுன்னு கம்பியைப் பிடிச்சுட்டே போயிப் பாத்துக்கலாம். கம்பியில்லாததுக்கு ஊடு வாசல்னு ஒரு கணக்கில்லீங்க. எங்க ஊட்டுக்கு வர்ற ஃபோனெல்லாம் அவரு கையில இருக்கறதுல பேச ஆரம்பிச்சிருச்சு. வேற ஊர்க்காரனா இருந்தா ராங் நம்பர்னு சொல்லி வெச்சிருப்பான். ராசப்பன் அப்படிச் செய்வாரா? கூப்பிட்டவங்க மனசு பொக்குனு போயிருமேன்னு, அவங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாங்க, சரிங்க, வந்துர்றோமுங்கன்னு எனக்குப் பதிலா அவரே பேசிக்கிட்டிருந்திருக்கறாரு. எங்க சார்பா ஒரு காதுகுத்துக்கும், வால்பாறையில ஒரு கிரகப்பிரவேசத்துக்கும் சம்மதம் சொல்லிட்டாரு. அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போயிட்டு வந்தோமுங்க, யாரு ஊடுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, சாப்பாடு நல்லாருந்துச்சு. வைகாசிக் கடைசியில ஒரு நாள் நீங்க கூப்பிட்டு, என்னுங்க தொண்டை கட்டியிருக்குதான்னு கேட்டீங்களே, அது ராசப்பன். கல்யாணத்தை சத்தியிலயே, பவானி ஆத்தோரத்து மண்டபத்துலயே வெச்சுக்கலாமுங்களான்னு நீங்க கேட்டதுக்கு, தாராளமாங்கன்னு சொன்னதும் ராசப்பன்தான். எனக்கு அந்தப் பேச்சே தெரியாது. பாய் வந்து அடியில ஒரு பித்தானைத் தள்ளி வெச்ச பிறகு ரெண்டு ஃபோனும் பிரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள மண்டபம் கைவிட்டுப் போயிருச்சு.

இந்த நிலைமையிலதான் அந்தப் புதன்கிழமை நீங்க கூப்பிட்டீங்க. நான் கம்பியில்லாததைக் கையில எடுத்துக்கிட்டு வாசல்ல உலாத்திட்டே பேசுனேன். நீங்க சொன்னபடியே ஆத்தோரத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனுங்க, உங்க பெருந்தன்மையை நெனச்சா கண்ணுல தண்ணி வருதுங்கன்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் ஓடலை. பையன் ஊட்டுக்காரங்க பீளமேட்டுலதான் கல்யாணம் பண்ணணும்னு எங்க பங்காளிகளுக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன். இருந்தாலும் கண்ணுல தண்ணி வருதுங்கற மனுசன்கிட்ட, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிருங்கன்னு எப்படிங்க சொல்றது? சந்தோசமுங்கன்னு சொல்லிப்போட்டேன். சந்தோசமாத்தான் சொன்னேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு.

பேசி முடிச்சாச்சு, இனி வைக்கணும். இங்கதானுங்க கொங்கு நாடே மாட்டிக்கும். அப்ப வெச்சர்றீங்களான்னு நீங்க கேட்டீங்க. நீங்க வையுங்கன்னு நான் சொன்னேன். வயசுல பெரியவங்க நீங்க, நீங்க வெச்ச பிறகு நான் வைக்கறேன்னீங்க. பையன் ஊட்டுக்காரன் முதல்ல வெச்சா திமிருன்னு பேரு வந்துருமுங்க, நீங்களே வையுங்கன்னேன். சின்னவன் முதல்ல வெச்சா மரியாதைக்குறைச்சல்னீங்க. ரெண்டு பேரு சொல்றதும் நியாயம். இந்த ஊர்ல எல்லா ஃபோனும் இப்படித்தான் முடியுது, எப்படி முடியுதுன்னுதான் யாருக்கும் தெரியாது. வையுங்க வையுங்கன்னு சொல்லிட்டே நான் முருங்கை மரத்துக்கு அக்கட்டால போயிட்டேன். அங்க போனதும் உங்க குரலு கிணத்துக்குள்ள போயிருச்சு. ஐயோ, நம்ம வெச்சுட்டதா சம்பந்தி நெனச்சுக்குவாரேன்னு பதறி, ஹாலுக்கு ஓடி வந்து கறுப்பு ஃபோனையும் எடுத்து இடது காதுல வெச்சுக்கிட்டேன். வலது காதுல கம்பியில்லாதது, இடது காதுல கம்பி. ரெண்டுலயும் ஒரே நேரத்துல "நீங்க வையுங்க"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு ஃபோனும் ஒண்ணையொண்ணு பாத்து ஒரு ஊளை உட்டுச்சு பாருங்க, மில்லுச் சங்கெல்லாம் தோத்துச்சு. தெருநாய் எந்திரிச்சு ஓடிருச்சு. என் வலது காது அன்னைக்குப் போனதுதான், இன்னும் திரும்பி வரலை.

அந்தப் பதட்டத்துல ரெண்டையும் வெச்சேன். வெச்ச இடந்தான் மாறிப்போச்சு. கம்பியில்லாததைக் கறுப்பு ஃபோன் மேல வெச்சு லேஸ் துணியையும் போத்திட்டேன். கறுப்பு ரிசீவரை அந்தப் பீடத்துல உக்கார வெச்சுட்டேன். பாக்கறதுக்கு ரெண்டும் நல்லாத்தான் பொருந்தியிருந்துச்சு, ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலை. ஆனா மேல பாரம் விழுந்ததுல கறுப்பு ஃபோன் வாயை மூடிக்கிச்சு, தன் பீடத்துல உக்காராத கம்பியில்லாதது மூடலை. மத்தியானத்துலயிருந்து விளக்கு வைக்கற வரைக்கும் ஹால் நடுவுல காதைத் திறந்துக்கிட்டு படுத்திருந்திருக்குது. சாயங்காலம் சாய்சரண் அதைத் தேடி எடுத்துப் பாத்துட்டு, "நைனா, இது மத்தியானமிருந்து ஆன்லயே இருக்குது"ன்னான். நான் வைக்காதப்போ நீங்க வெச்சிருப்பீங்களா? மாட்டீங்க. மரியாதை தெரிஞ்ச மனுசன். விளக்கு வைக்கற வரைக்கும் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு, பெரியவரு எப்ப வைப்பாரோன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. அந்த நேரம் முச்சூடும் நாங்க பேசிக்கிட்டிருந்தது உங்களைப் பத்தித்தானுங்க.

வேற சாதி சனமா இருந்தாக்கூடத் தப்பிச்சிருப்போம். ஊட்டுல நாங்க பேசுறது தெலுங்கு. ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கையில ரகசியம் பேசணும்னா எங்களுக்கு அதுதான் கதவு. உங்களுக்கும் அதே பாஷையாப் போச்சு. அதனால ஒவ்வொண்ணா நானே விளக்கிச் சொல்லிர்றேன். நான் பேசுனதுல ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கலை.

முதல்ல, காபி. உங்க ஊட்டுக் காபியைக் குடிச்ச பிறகுதான் பவானித் தண்ணி எத்தனை சுத்தம்னு தெரிஞ்சுது, வேற ஒண்ணுமே கலக்காமக் குடுத்தாங்கன்னு நான் சொன்னது வாஸ்தவம். அது தண்ணியைப் பத்திச் சொன்னதுங்க. ரெண்டாவது, காரு. சம்பந்தி எங்களை பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் உடறேன்னு கூப்பிட்டாரு, கடைசியில நாங்கதான் காரைத் தள்ளிக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வந்தோம்னு சொன்னேன். அது சிரிக்கறதுக்காகச் சொன்னது, நெசமுங்கூட. (இந்த வரியை எழுத எனக்கு இஷ்டமில்லை. சொல்வதால் எழுதுகிறேன். அம்புஜம்.) அப்புறம் உங்க தோட்டத்துக்கு யானை வந்த கதை, நாங்க வர்றப்பெல்லாம் சொல்வீங்களே, அது. பொண்ணு பாக்க வந்தப்போ அது கரும்புக்காட்டு ஓரத்துல நின்னுச்சு. நிச்சயத்தன்னைக்கு வேலியைத் தாண்டியிருந்துச்சு. முகூர்த்தம் பேச வந்தப்போ சமையக்கட்டு ஜன்னல்ல தும்பிக்கையை உட்டுப் புளிப்பானையை எடுத்துக்கிச்சு. இந்த வேகத்துல வந்தா கல்யாணத்தன்னைக்கு மணவறையில மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கும்னு நான் சொன்னேன். இதைக் கிண்டல்னு எடுத்துக்காதீங்க, ஞாபகசக்தின்னு எடுத்துக்குங்க. மூணு தடவையும் யானை எங்க நின்னுச்சுன்னு மறக்காம வெச்சிருக்கறவன் உங்க கதையை எத்தனை கவனமாக் கேட்டிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

ரங்கநாயகி அம்மாளைப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. அந்தம்மாவுக்கு ஒரு வாய், சம்பந்திக்கு நாலு வாய், கூட்டிக் கழிச்சு அந்த ஊட்டுல பேச்சு சரியாத்தான் இருக்குதுன்னேன். மண்டபத்தைப் பத்திப் பேசுறப்போதான் கொஞ்சம் குரல் ஏறிருச்சு. ஆத்தோரத்து மண்டபத்துல ஆவணி மாசம் கல்யாணம் வெச்சா, தண்ணி வந்து மொய் எழுதறவங்களையும் சேத்து ஈரோட்டுக்குத் தாட்டி விட்டுரும்னேன். அதுக்கு சாய்சரண் சொன்ன பதிலும் உங்க காதுல விழுந்திருக்கும். "மண்டபம் மேட்டுலதான் நைனா இருக்குது, பிந்து சொன்னா"ன்னான். இங்கதானுங்க நீங்க கோவப்பட்டிருப்பீங்க. பொண்ணு எப்போ சொன்னா, எப்படிச் சொன்னான்னு கேட்டிருப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கம்பியில்லாததை அவன் வாங்குனதே அதுக்குத்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மொட்டைமாடித் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல நின்னாத்தான் குரலு தெளிவாக் கேக்குமாம், அங்க நின்னு உங்க பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டிருந்திருக்கறான். தப்பா எடுத்துக்காதீங்க, தினமும் இல்லீங்க, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருவான். என்னத்தடா பேசுனேன்னு அதட்டிக் கேட்டேன். மோட்டார் போட்டியா, தொட்டி நெம்பிருச்சான்னு பேசிக்குவோம்னான். கல்யாணம் ஆகாத வயசுல இத்தனை பொறுப்பாப் பேசுற பையனை நீங்க எங்க போயித் தேடுவீங்க?

இனிமே இப்படி நடக்காது. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிப்போட்டேன். மாட்டுக்குக் கட்டற நைலான் கயித்துல ஒரு பாகம் அறுத்து, கம்பியில்லாததை அதோட பீடத்துலயே கட்டிப்போட்டேன். இனி அதுவும் கம்பியுள்ள ஃபோன் மாதிரி நின்ன இடத்துல நிக்கும். அப்துல் முத்தலிப் பாய் வந்து அந்தக் கயித்தை ஒருக்கா இழுத்துப் பாத்தாரு. அப்புறம், "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே வேண்டாமேங்க"ன்னாரு. டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு.

சம்பந்தி, ஒரு மனுசன் தன் ஊட்டுக்குள்ள பேசுற பேச்சும் வெளியில பேசுற பேச்சும் எந்த ஊட்டுலயும் ஒண்ணா இருக்காது. நீங்களும் காரை ஷெட்டுல உட்டுட்டு வந்து எங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசியிருப்பீங்க. உங்க ஊட்டு ஃபோன் திறந்து கிடக்கலை, அதனால எங்களுக்குத் தெரியலை. மனசுல வெச்சுக்காதீங்க. மண்டபம் சத்தியிலயே இருந்தாலும் சரி, ஆத்துக்கு நடுவுலயே இருந்தாலும் சரி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறோம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. ஃபோன்ல வேண்டாம், ஆளை அனுப்புங்க, இல்லாட்டி பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லி உடுங்க.

பிந்துக் கண்ணுக்கு எங்கள் ஆசி. ரங்கநாயகி அம்மாளுக்கு என் கும்பிடு. தங்கள் குலம் தழைத்து, தோட்டத்தில் வாழை குலை தள்ளி, தங்கள் கார் தானாகவே கிளம்பி ஓட எல்லாம் வல்ல பெருமாள் அருள் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனம் கோணாதிருக்க விரும்பும்
பீ. லட்சுமணசாமி
(பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு, அம்புஜம் எழுதுவது:

அண்ணா, இவர் தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது ரங்கநாயகி ஃபோன் செய்தாள். அன்றைக்கு அந்த ஊளைச் சத்தம் கேட்டதும் நீங்கள் பயந்துபோய் ரிசீவரை வைத்துவிட்டீர்களாம். இவர் "நீங்க வையுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டோமே, சம்பந்தி வீட்டுப் பெரியவர் பேச்சை நடுவில் வெட்டிவிட்டோமே, இனி எந்த முகத்தோடு பேசுவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரமாகத் தோட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்களாம். எங்கள் ஹாலில் பேசியதில் ஒரு எழுத்துகூட உங்கள் காதில் விழவில்லையாம். ஃபோன் ஆனில் இருந்ததே தவிர, அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆளே இல்லை.

இவர் வந்ததும் சொன்னேன். பெருமாள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, உடனே கடிதத்தைக் கிழித்துப் போடு என்றார். எனக்கு மனசு வரவில்லை. விரல் நோக உட்கார்ந்து எழுதியது. அதுவும் போக, எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. பெண் போகிற வீட்டில் மாமனார் வாய் எப்படிப்பட்டது என்று தாலி ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதுதானே. என் அப்பாவுக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதிப் போடவில்லை.

சாய்சரணும் பிந்துவும் பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தப் பக்கம் சமையலறை ஃபோனில் நானும், அந்தப் பக்கம் உங்கள் படுக்கையறைப் பேரலலில் ரங்கநாயகியும் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மோட்டாரைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசியதில்லை. மற்றபடி தப்பாக ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு நாள் நாங்கள்தான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். வேறு யார் லைனோ குறுக்கே வந்த கிராஸ் டாக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மண்டபம் சத்தியிலேயே இருக்கட்டும். ராசப்பன் அண்ணன் சொன்னது நல்ல யோசனை. இவ்வளவையும் படித்த பிறகும் பெண் கொடுக்கச் சம்மதம் என்றால், வழக்கம்போல் காலையில் காபி குடித்துவிட்டு இவரைக் கூப்பிடுங்கள். கடிதம் கிடைத்ததாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். இவர் கண் முன்னாலேயே நான் அதைக் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். நான் கிழித்தது கம்பியில்லாத ஃபோனோடு வந்த விளக்கப் புத்தகம். எழுத்து தெரிந்தவர்களும் இந்த வீட்டில் அதைப் படித்ததில்லை.